யார் கண் முன்னால் எழுதிய தேர்வு?

(இணையவழிப் படிப்புகள் குறித்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் நேர்முகத் தேர்வுக் குழுவில் இருக்கிறார்.)

கேள்வி: எங்கள் கல்லூரியில் ஆளுக்கொரு என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டம்) படிப்பை முடித்தே ஆகவேண்டும் என்கிறார்கள். அசைன்மென்ட் விடைகள் வாராவாரம் டெலிகிராம் குழுவில் வந்துவிடுகின்றன. எல்லாரும் அதைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். நான் மட்டும் மெனக்கெட்டு வீடியோ பார்த்து என்ன பயன்? அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டா?
— மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர், விருதுநகர்

தம்பி, அந்தக் குழுவைப் பற்றி எங்களுக்கும் தெரியும். தெரியாதது போல இருப்பது ஆசிரியர்களின் பழைய கலை.

உன் சான்றிதழை யாராவது என்னிடம் நீட்டினால், பெரிதாக அச்சாகியிருக்கும் மொத்த மதிப்பெண்ணை நான் முதலில் பார்ப்பதில்லை. கூடவே இரண்டு சிறிய எண்கள் இருக்கும். அசைன்மென்ட்டுக்கு 25க்கு எவ்வளவு, தேர்வு மையத்தில் உட்கார்ந்து எழுதியதற்கு 75க்கு எவ்வளவு என்று அவை தனித்தனியாகச் சொல்லும். ஒருவன் 25க்கு 25, 75க்கு 32 என்று கொண்டுவருகிறான் என்று வைத்துக்கொள். டெலிகிராம் குழு வாங்கியது எவ்வளவு, இவன் வாங்கியது எவ்வளவு என்று அந்தக் காகிதமே பிரித்துக் காட்டிவிடுகிறது. இன்னொரு பெண் 25க்கு 17, 75க்கு 58 என்று வருகிறாள். அவளிடம்தான் எனக்குப் பேச ஆசையாக இருக்கும். அந்த எட்டு மதிப்பெண்ணை எங்கே விட்டாய் என்று கேட்பேன். தானே தப்பாகப் போட்டவளுக்கு எங்கே தப்பினோம் என்பது நினைவிருக்கும்.

இந்தத் திட்டம் 2003இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கியது. முதலில் வெறும் பாட வீடியோக்கள்தான். சான்றிதழ்ப் படிப்புகள் 2014க்குப் பிறகுதான் பெருகின. பதிவு செய்யவும் பார்க்கவும் காசு கிடையாது. தேர்வு எழுதுவதற்கு மட்டும் 1000 ரூபாய். பன்னிரண்டு வாரப் படிப்பென்றால் பன்னிரண்டு அசைன்மென்ட்டில் சிறந்த எட்டை எடுத்துக்கொள்வார்கள். அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 என்ற இரண்டு எல்லைகளையும் தனித்தனியாகத் தாண்டினால்தான் சான்றிதழ். வீடியோ பார்த்ததற்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த விதி அதுதான். அடையாள அட்டையைக் காட்டி, மையத்துக் கணினி முன்னால், கண்காணிப்பாளர் நடமாட எழுதும் தேர்வு. யார் கண் முன்னால் எழுதினாய் என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. இணையத்தில் விற்கும் பெரும்பாலான சான்றிதழ்களிடம் அந்தப் பதில் கிடையாது.

ஆனால் எந்தப் படிப்பை எடுக்கிறாய் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எது சுலபம் என்று சீனியரிடம் கேட்டு, மெக்கானிக்கல் பையன் தன் துறைக்குச் சம்பந்தமில்லாத எட்டு வாரப் படிப்பை முடித்துவிட்டு வருகிறான். அதைப் பற்றி நான் என்ன கேட்பது? திரவ இயந்திரவியல் எடுத்திருந்தால் எங்கள் ஊர்க் கேள்வி ஒன்று தயாராக இருக்கிறது: கிணற்றில் தண்ணீர் 12 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது, மோனோபிளாக் மோட்டாரைக் கரைமேல் வைத்து உறிஞ்சினால் ஏறுமா? குதிரைத் திறனைக் கூட்டினால் ஏறும் என்று சொல்பவர்கள் ஏராளம். ஏறாது, தம்பி. தண்ணீரை மேலே தள்ளுவது காற்று மண்டலத்தின் அழுத்தம். அதனால் அதிகபட்சம் பத்து மீட்டருக்குச் சற்று மேலே தள்ள முடியும். நடைமுறையில் ஏழு மீட்டரைத் தாண்டுவதே சிரமம். மோட்டாரைக் கீழே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர்மூழ்கி பம்ப் போட வேண்டும். காரணத்தோடு இதைச் சொல்லும் பையன் சான்றிதழே கொண்டுவராவிட்டாலும் அடுத்த சுற்றுக்குப் போவான். நீ வீடியோவைப் பார். குழுவிலிருந்து வெளியேறினால் இன்னும் நல்லது. அசைன்மென்ட்டைத் தப்பாகப் போடும் உரிமை உனக்குத் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: மகன் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். டேட்டா சயின்ஸ் ஆறு மாதம் ஆன்லைனில் படித்தால் வேலை உறுதி என்று ஒரு பயிற்சி நிறுவனத்திலிருந்து தினமும் போன் வருகிறது. கட்டணம் ஒன்றரை லட்சம். தவணையில் கட்டலாம், அம்மாவின் ஆதாரும் பான் கார்டும் போதும் என்கிறார்கள். இன்றைக்குள் சேர்ந்தால் முப்பதாயிரம் தள்ளுபடியாம். சேர்க்கலாமா?
— ஒரு தாய், கும்பகோணம்

அம்மா, எந்தப் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். இந்தப் பதிலை நீங்கள் படிக்கும்போது அந்த 'இன்றைக்குள்' முடிந்து பல நாட்கள் ஆகியிருக்கும். இன்னொரு முறை போன் வரும், தள்ளுபடி அப்படியே இருக்கும். பாருங்கள்.

தவணை என்று அவர்கள் சொல்வது, பெரும்பாலும், அவர்களுக்கு நீங்கள் மாதாமாதம் கட்டும் பணமல்ல. வேறொரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் போட்டு, மொத்தத் தொகையையும் பயிற்சி நிறுவனத்திடம் கொடுத்துவிடும். அதன் பிறகு பையனுக்குப் பாடம் புரிந்தாலும் புரியாவிட்டாலும், இரண்டாம் மாதமே நின்றுவிட்டாலும், உங்கள் கணக்கிலிருந்து தவணை போய்க்கொண்டே இருக்கும். சண்டை ஒருவரோடு, கடன் இன்னொருவரிடம். ஒன்றிரண்டு தவணை தவறினால் கடன் மதிப்பெண் கெடுவது உங்களுக்குத்தான், மகனுக்கல்ல. நாளைக்கு நகைக்கடனுக்கு மேல் எதற்காவது வங்கிக்குப் போனால் அங்கே தெரியும். 2021 டிசம்பரில் மத்திய கல்வி அமைச்சகம் பெற்றோருக்கு வெளியிட்ட எச்சரிக்கையிலேயே, கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஒப்புதலைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். 

ஏற்கெனவே விரல் தவறி 'சம்மதம்' அழுத்தியிருந்தால் பதறவேண்டாம். ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கடன் எடுத்த பிறகு குறிப்பிட்ட சில நாட்களுக்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். எத்தனை நாள் என்பது கடன் ஆவணத்தின் முக்கிய விவரத் தாளில் இருக்கும். பணம் திரும்பக் கிடைக்காமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வேலை உறுதி என்பதைப் பற்றி. போனில் 'உறுதி' என்பார்கள். ஒப்பந்தத்தில் 'வேலை தேட உதவி' என்று இருக்கும். உறுதி என்றே எழுதியிருந்தாலும் அதற்குக் கீழே இத்தனை சதவீத வருகை, இத்தனை நேர்முகத் தேர்வு, எந்த ஊரானாலும் சம்மதம், முதலில் கிடைக்கும் வேலையை மறுக்கக் கூடாது என்று வரிசையாக இருக்கும். அந்தப் போன் செய்யும் பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வேலை கிடைத்த பிறகு சம்பளத்திலிருந்து கட்டணத்தை வாங்கிக்கொள்கிறீர்களா? அப்படி நடத்துபவர்களும் இருக்கிறார்கள். அங்கேயும் ஒப்பந்தத்தைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின் குரல் எப்படி மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளை மீது கோபப்படாதீர்கள். அதற்கு மாத இலக்கு இருக்கிறது, அதுவும் யாரோ ஒரு தாய் வேலைக்கு அனுப்பிய பிள்ளைதான்.

மகனுக்கு ஒரு பரீட்சை வையுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 என்ற கணினி அறிமுகப் படிப்பு முழுக்க இலவசம். ஒவ்வொரு வாரமும் கணக்குப் போடுவது போலப் புரோகிராம் எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும், கடினமாகத்தான் இருக்கும். அல்லது என்.பி.டி.இ.எல்.லில் புள்ளியியல் அடிப்படைப் பாடம் ஒன்று. ஒரு மாதம் தானாக உட்கார்ந்து செய்கிறானா? செய்தால், அவனுக்கு ஒன்றரை லட்சம் தேவையே இல்லாமல் போகலாம். செய்யாவிட்டால், ஒன்றரை லட்சம் கட்டினாலும் செய்யமாட்டான். எப்படியும் பணம் மிச்சம். அதற்கிடையில் பக்கத்தில் ஏதாவது ஆடிட்டர் அலுவலகத்தில் பகுதி நேரம் போய் வரச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. கணக்கும் எக்செல்லும் தெரிந்த பி.காம். பையனைத் தேடி இங்கே கோவையில் சிறு தொழிற்சாலைக்காரர்கள் அலைகிறார்கள். டேட்டா சயின்ஸ் என்ற பெயர் அதில் இல்லை என்பதுதான் குறை.

கேள்வி: பத்தே நாளில் எம்.பி.ஏ. என்று விளம்பரம் பார்த்தேன். செல்லுமா?
— வாசகர், ஓசூர்

செல்லாது. பட்டம் என்ற பெயரில் எதையும் கொடுக்கச் சட்டப்படி அதிகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தாலோ கல்வி நிறுவனத்தாலோதான் முடியும். இந்தப் பத்து நாள் விளம்பரத்தைப் பற்றியே பல்கலைக்கழக மானியக் குழு எச்சரித்திருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்தீர்கள், போதும்.

கேள்வி: தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன். வானியல், சோழர் வரலாறு, பைத்தான் கணினி மொழி என்று ஆசை ஆசையாகச் சேர்கிறேன். ஒன்றையும் முடிப்பதில்லை. மகள் கேலி செய்கிறாள். எனக்கு ஒழுக்கம் இல்லையா, அல்லது இந்தப் படிப்புகளில்தான் கோளாறா?
— வாசகர், நாகர்கோவில்

ஐயா, மகளிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 2012இல் எம்.ஐ.டி. தன் முதல் இணையப் படிப்பைத் திறந்தது. மின்சுற்றுகள் பற்றியது. நடத்தியவர்களில் முதன்மையானவர் அனந்த் அகர்வால், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். உலகம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 1,55,000 பேர் சேர்ந்தார்கள். தேறியவர்கள் 7,157. அதுதான் நல்ல காலம்! ஹார்வர்டு, எம்.ஐ.டி. இரண்டும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய படிப்புகளை ஆராய்ந்து 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரைப்படி, 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிவு செய்தவர்களில் மட்டும் பாதிக்குச் சற்றுக் குறைவாக முடித்தார்கள்.

நூற்றில் தொண்ணூற்றேழு பேரோடு நிற்கிறீர்கள். இதில் வெட்கம் எதற்கு? உங்களுக்கு வேலை வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். சனி கிரகத்தின் வளையம் எதனாலானது என்பதை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிட்டீர்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தானே உட்கார்ந்தீர்கள்? பைத்தான் மட்டும் வேறு வகை. பாதியில் விட்டால் பாதி கூட மிஞ்சாது. அதை முடிக்க நிஜமாகவே ஆசை இருந்தால் பணம் கட்டிச் சேருங்கள். தபால்காரருக்குத் தெரியாததா, கட்டணம் செலுத்திய கடிதம்தான் போய்ச் சேரும்.

கேள்வி: மகள் பி.எஸ்சி. கணினி அறிவியல். யூடெமி என்ற இணையப் பாடத் தளத்தில் பதினான்கு சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். நேர்முகத் தேர்வில் அதைப் பார்த்துச் சிரித்தார்களாம். அழுதுகொண்டே வந்தாள். அத்தனையும் வீணா?
— ஒரு தந்தை, திருப்பூர்

சிரித்தது தவறு. எங்கள் குழுவில் யாராவது சிரித்தால் நான் மேசைக்கு அடியில் காலை மிதிப்பேன்.

ஆனால் அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பாடம் நடத்தலாம். வீடியோக்களை எல்லாம் பார்த்து முடித்ததாகக் கணக்கில் வந்துவிட்டால் சான்றிதழ் வந்துவிடும். பாடத்தை ஓடவிட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாலும் வரும். அது முடித்ததற்கான அத்தாட்சி, தேறியதற்கான அத்தாட்சி அல்ல. அவர்களும் அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் என்று தங்களைச் சொல்லிக்கொள்வதில்லை. வீட்டிலிருந்து எழுதும் வினாடி வினாக்களும் இப்போது அந்த நிலைக்கு வந்துவிட்டன. கேள்வியைச் சாட்ஜிபிடியிடம் ஒட்டினால் விடை வருகிறது என்பது மேசையின் இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கும் தெரியும்.

அதற்காக அங்கே பாடம் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். சில ஆசிரியர்கள் அருமையாக நடத்துகிறார்கள். கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க எங்களால் புரியவைக்க முடியாததை இருபது நிமிடத்தில் புரியவைத்துவிடுவார்கள். பொறாமையோடு சொல்கிறேன். கற்றுக்கொள்ள நல்ல இடம், காட்டிக்கொள்ள நல்ல இடமல்ல. முதலில் பெரிய விலை போட்டு, அடுத்த வாரமே சில நூறு ரூபாய்க்குத் தருவார்கள். ஒருநாளும் முழு விலை கொடுக்காதீர்கள்.

மகள் தன் விவரக் குறிப்பிலிருந்து அந்தப் பதினான்கையும் எடுத்துவிடட்டும். அந்த இடத்தில் தான் செய்த ஒரு பொருளை எழுதட்டும். உங்கள் ஊர் திருப்பூர். தெரிந்த பனியன் கம்பெனி ஒன்றில் துணி, நூல், அனுப்பிய பெட்டிகள் இவற்றின் இருப்புக் கணக்கு இன்னும் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கும். அங்கே போய், அவர்கள் கேட்பதுபோல ஒரு சிறு மென்பொருள் எழுதிக் கொடுக்கட்டும். சூபர்வைசர் இரண்டே நாளில் பத்துக் குறை சொல்வார். அந்தப் பத்தையும் எப்படிச் சரிசெய்தாள் என்று அவள் சொல்லத் தொடங்கினால் எந்தக் குழுவும் சிரிக்காது. சான்றிதழ் எங்கே என்று கேட்கவும் மறந்துவிடும்.

கேள்வி: ஒரு மருத்துவமனையில் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். டிப்ளமோதான். சிஸ்கோ நிறுவனம் நடத்தும் சி.சி.என்.ஏ. என்ற வலையமைப்புச் சான்றிதழ்த் தேர்வை எழுதினால் சம்பளம் கூடும் என்கிறார்கள். கட்டணம் கண்ணைக் கட்டுகிறது. 'டம்ப்' வாங்கிப் படித்தால் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்று நண்பர் சொல்கிறார்.
— வாசகர், சேலம்

எழுதுங்கள். தேர்வுக் கட்டணம் 300 டாலர், வரி தனி. பணம் வலிக்கும்தான், ஆனால் இந்தத் துறையில் பெயர் சொன்னதும் தெரிகிற சான்றிதழ் இது. கண்காணிப்போடு நடக்கும் தேர்வு. மூன்று ஆண்டுதான் செல்லும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் புதுப்பிக்க வேண்டும். மருத்துவமனை நிர்வாகத்திடம் பாதியாவது கேட்டுப் பாருங்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

டம்ப் என்பது திருட்டு வினாத்தாள். அதைப் பயன்படுத்தியது தெரிந்தால் சிஸ்கோ சான்றிதழையே ரத்து செய்யும். அது போகட்டும். நள்ளிரவில் தீவிர சிகிச்சைப் பிரிவின் கணினிகள் துண்டிக்கப்பட்டு, டியூட்டி டாக்டர் உங்களை எழுப்பினால், மனப்பாடம் செய்த நான்கு விடைகளில் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருளை சிஸ்கோவே இலவசமாகக் கொடுக்கிறது. உங்கள் மருத்துவமனையின் வலையமைப்பை அப்படியே அதில் வரைந்து, ஒவ்வொரு இணைப்பாக வெட்டிப் பாருங்கள். நீங்கள் ஏற்கெனவே செய்யும் வேலைதான், பெயர்களைத்தான் புதிதாகப் படிக்கவேண்டியிருக்கும்.

கேள்வி: என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. ஊரில் சிக்னல் விட்டு விட்டு வரும். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினால் புரிவதில்லை. பார்த்ததும் மறந்துவிடுகிறது. என்னால் ஆன்லைனில் படிக்க முடியுமா?
— கல்லூரி மாணவி, கல்வராயன் மலை

முடியும், மகளே. ஆனால் விளம்பரத்தில் காட்டுவதுபோல மடிக்கணினியும் காப்பிக் கோப்பையுமாக இருக்காது.

என்.பி.டி.இ.எல். பாடங்கள் பலவற்றின் உரை தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு எழுத்து வடிவில் கிடைக்கிறது. வீடியோவுக்கு முன்னால் அதைப் படி. சிக்னல் உள்ள இடத்துக்குப் போகும்போது ஒரு வாரத்துக்கான பாடத்தைத் தரவிறக்கிக்கொள். வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம். பேராசிரியர்கள் கொஞ்சம் தூங்கி வழிவதுபோல் தெரிவார்கள், பரவாயில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு அங்கே தேர்வுக் கட்டணம் பாதிதான். கோர்செரா போன்ற தளங்களில் நிதி உதவிக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. உன் நிலைமையை நீயே சொந்தமாக எழுது, இந்தக் கடிதத்தில் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய்.

மறதிக்கு மருந்து இருக்கிறது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினரைத் திரும்பத் திரும்பப் படிக்கவைத்தார்கள். மற்றவர்களை ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் வெகுதூரம் முந்தியிருந்தார்கள். அதனால் வீடியோ முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு நோட்டில் நினைவுக்கு வந்ததைத் தமிழிலேயே எழுது. விட்டுப்போனதை மட்டும் மறுபடி பார். இதற்குச் சிக்னல் தேவையில்லை, டேட்டாவும் செலவாகாது.

கேள்வி: இணையப் படிப்பில் வாங்கிய கிரெடிட்டைக் கல்லூரிப் பாடத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்வார்களா?
— முதுநிலை மாணவி, திருச்சி

மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையக் கல்வித் தளத்தின் படிப்புகள் என்றால் எடுத்துக்கொள்ள விதி இருக்கிறது. முன்பு 20 சதவீதம் வரை என்று இருந்ததை, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் உயர்த்தியது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் அதை ஏற்று, எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் ஈடு என்று முடிவு செய்திருக்க வேண்டும். துறைத் தலைவர் வராந்தாவில் நடந்துகொண்டே 'எடுத்துக்கலாம்' என்று சொன்னால் அதை நம்பிச் சேர்ந்துவிடாதீர்கள். படிப்பின் பெயர், குறியீடு, கிரெடிட் எண்ணிக்கை மூன்றையும் குறிப்பிட்டு மனு எழுதி, பதிவு தொடங்கும் முன்பே அவரிடம் கையெழுத்து வாங்கி, நகலைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுச் சேருங்கள்.